அறைத்தோழியை மட்டும் கேள்வி கேட்கிறார்கள்

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலமே.

நேற்று தத்துவ வகுப்பில் ‘எபிஸ்டெமே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பேராசிரியர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் விடுதி அறைத்தோழி “அறிவு” என்று சொல்லிவிட்டாள். நம் மகள் வயதுதான் அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. சிரிக்காதீர்கள்.

அவளுடைய ஞாபகசக்தி மீதல்ல என் பொறாமை. தினமும் அவள் அம்மா தொலைபேசியில் பாடச் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்து அவளைக் கேள்வி கேட்கிறார். கிரேக்கமோ லத்தீனோ அந்த அம்மாவுக்குத் தெரியாது. “என்னடி இது, வாயிலயே நுழையல!” என்று திட்டிக்கொண்டே படிக்கிறார். பக்கத்துக் கட்டிலில் நானும் வாய்க்குள் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிறன்று கூப்பிடும்போது கேளுங்கள். தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை. தெரிந்த சொல்லுக்கும் சில சமயம் பேசாமல் இருப்பேன். இன்னொரு தரம் கேளுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மாணவி