ஒற்றைக் காலில் நடந்த செமினார்

காலையில் அடுக்களையிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வேகும் ஆவியும் காந்தாரி மிளகு நசுக்கும் காரமும் சேர்ந்து வந்தன. உடனே உன் நினைவு. மருமகளைக் கூப்பிட்டு, "பிள்ளே, ஒரு கடுதாசி எழுதணும்" என்றேன்.

"ஆருக்கு மாமா?"

உன் பேரைச் சொன்னேன். "அவிய செத்துப் போனாவல்லா" என்றாள்.

"எழுத்து தெரியாத நான் கடுதாசி எழுதலாம்னா, செத்தவன் வாசிக்கப்பிடாதா? நீ எழுது."

சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

நம் கொல்லயில் கிராமத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கணக்கு ஆராய்ச்சிக்கென்று போனவன் நீ. சனிக்கிழமைதோறும் அங்கே செமினார். ஒருவர் தான் கண்டதைப் பலகையில் எழுதிச் சொல்ல, கூட ஆராய்ச்சி செய்கிறவர்கள் குறுக்கே குறுக்கே கேட்கும் கூட்டம் அது என்று நீதான் எனக்குச் சொன்னாய். "சண்டையா?" என்றேன். "சண்டைதான். அடி மட்டும் கெடையாது" என்றாய்.

அடி வெளியே கிடைத்தது. திருவிதாங்கூரில் இருந்த நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் போன காலம். நீ ஊர்வலத்தில் இல்லை. பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றாய். போலீஸ் தடிக்கு அது தெரியுமா? கணுக்கால் வீங்கி, எலும்பு கட்டும் வைத்திய ஆசான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். வரும் சனிக்கிழமையோ செமினாரில் உன் முறை. நீ கண்டது அங்கே கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்றால் பட்டத்துக்கு எழுதத் தொடங்கலாம். நிற்காவிட்டால் ஜூனில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை என்று உன் அப்பா ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்.

உன்னால் போக முடியாததால் செமினார் உன்னிடம் வந்தது. உன் பேராசிரியரும் மூன்று மாணவர்களும் பஸ்ஸில் வந்து நம் மிஷன் பள்ளிக்கூடத்து அறையில் உட்கார்ந்தார்கள். உன்னை நான் முதுகில் சுமந்து போனேன். "எலே, மெல்ல. ஆராய்ச்சி சிந்திரும்" என்று வழியெல்லாம் காதில் சொன்னாய். பலகை முன்னால் ஒற்றைக் காலில் நிற்க என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நீ எழுத எழுத நான் பக்கவாட்டில் நகர வேண்டும். கணக்கு ஆராய்ச்சியை இப்படிக் கடைசிவரை நடந்தே பார்த்த கைநாட்டுக்காரன் வேறு யாராவது உண்டா, தெரியாது.

ஜன்னலில் நம் பையன்கள் கூட்டம். நீ பேசிய இங்கிலீஷ் அவர்களுக்கும் விளங்கவில்லை. ஆனால் வந்த மாணவர்களில் ஒருவன் நெய்யாற்றின்கரை மலையாளி, நம் கோரிக்கைக்கு எதிர்ப்பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை பாதி நிறைந்தபோது அவன்தான் கையைத் தூக்கி, ஒரு வரியைக் காட்டி, அது எப்படி வந்தது என்று கேட்டான்.

"நில்க்கு. இது எங்ஙனெ கிட்டி?"

உன் விரல்கள் என் தோளில் இறுகின. முகத்தில் நீ ஒன்றும் காட்டவில்லை. என் தோளுக்குத்தான் தெரியும். ஏதோ பதில் சொன்னாய். அவன் தலையை ஆட்டி, அதே வரியை மறுபடி காட்டினான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலில் முணுமுணுப்பு.

"நம்மாளை மடக்குதான் பாத்தியா."

"வெளிய வரட்டும். பஸ் ஏற விட்டாத்தானே."

எனக்கும் அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் உன் பிடி தளர்ந்தது. "தப்பு எனக்கதாக்கும்" என்று சொல்லி, என் துண்டை உருவி, அந்த வரியிலிருந்து கீழே இருந்த எல்லாவற்றையும் அழித்தாய். மாதக்கணக்கான உழைப்பு. அழித்துவிட்டு அவனுக்கு நன்றி வேறு சொன்னாய்.

"ஒனக்கு வெக்கமில்லியாலே?" என்றான் ஜன்னலில் நின்ற ஒருவன்.

"எதுக்கு மக்கா? தண்ணி ஓடுத தோட்டுப் பாலத்தில ஒரு தடி உளுத்துக் கெடக்குன்னு வை. அவன் சொல்லாட்டா நான் அதுல கால வச்சு விழுந்திருப்பேன். சொன்னவனையா அடிக்கணும்? ஏற்கனவே ஒரு கால் போச்சு."

அதற்குள் உன் அம்மா கிழங்கும் மிளகும் கொண்டு வந்தாள். சூடான மரச்சீனியை வாயில் போட்டவன் எந்தக் கட்சிக்காரனானாலும் முகம் ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஓடவில்லை. நெய்யாற்றின்கரைக்காரன் மட்டும் சைக்கிளில் வந்தான். சந்தியில் பையன்கள் மறித்தார்கள்.

"எங்க போற?"

"செமினாருக்கு."

"நெய்யாற்றின்கரை ஆருக்கு? அதச் சொல்லிட்டுப் போ."

"எங்களுக்கு" என்று தயங்காமல் சொன்னானாம். "சண்டைய நான் திரும்பி வரும்போ வச்சுக்கலாம். அவனுக்க கணக்குக்கு ஒரு வழி கிட்டியிருக்கு. இங்க நின்னா மறந்திரும்."

மறித்தவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை கூட வந்தான்.

மழை தொடங்கும் முன் நீங்கள் இருவரும் அந்தக் கணக்கை நிற்க வைத்தீர்கள். "முன்ன சொன்னத விட சின்னதாப் போச்சு. ஆனா நிக்குது" என்றாய். உன் அப்பா வாத்தியார் வேலையைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லை பிரித்தபோது நம் ஊர்கள் கேரளத்தில் நின்றன. அன்றும் அவன் வந்தான். சாயங்காலம்வரை வாதாடினீர்கள், இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அவன் போனபின் நீ சொன்னாய்: "கணக்குன்னா பலகையில காட்டிரலாம். இத எங்க போய் எழுத?" ஆனாலும் அடுத்த முறை அவன் வந்தபோது பழையபடி சிரித்துக்கொண்டுதான் வாதத்தைத் தொடங்கினீர்கள்.

உன்னிடமிருந்து வந்த வழக்கம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. போன வாரம் கால்வாய்த் தண்ணீரை முதலில் எந்த வயலுக்கு விடுவது என்று கூடினோம். நான் ஒரு வழி சொன்னேன். அது சரிப்படாது என்றான் ஒரு இளவட்டம். மூத்தவரை மறித்துப் பேசிவிட்டானே என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்கன சரிப்படாதுன்னு காட்டு மக்கா" என்று அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.