நட்டநடுவில் ஒரு கையெழுத்து

மகாராணிக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறேன்.

ஆயருக்குப் போகும் மனுவைப் படித்தேன். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஒரே வருடத்தில் நான்கு டீச்சர்கள் விலகியதையும், காரணம் கேட்ட பெற்றோரை ஹெட் சிஸ்டர் வாசலோடு திருப்பி அனுப்பியதையும் புட்டுப்புட்டு வைத்திருக்கிறாய். முதலில் போட்டது யார் என்று தெரியக்கூடாதென மற்ற பெற்றோர் எல்லாரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டிருக்க, நீ மட்டும் நட்டநடுவில்!

“பூனைக்கு மணி கட்ட நீதான் கிடைச்சியா?” என்று நேற்று கத்தினேன். தப்புதான். மணி கட்டியவளின் புருஷன் என்று இன்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

பத்து மணிக்குப் பங்குத்தந்தை மனுவை வாங்க வருவார். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

பி.கு: பேனா கசிந்து உன் பெயரை ஒட்டி மை கொட்டியிருக்கும், திட்டாதே. உற்றுப் பார்த்தால் உள்ளே என் கையெழுத்து தெரியும்.