பொதுவரப்பில் அகத்தி

14.10.2024, திங்கள்
ரசாயனமின்றிப் பயிரிடுவோருக்கான அங்ககச் சான்றளிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் உதவித்திட்டத்திற்கு, எங்கள் குழுவின் விண்ணப்பத்தை இன்று எருமப்பட்டியில் அளித்தேன். ஒன்பது பெண்கள், செயலாளர் என்ற முறையில் ஒன்பது பேருக்கும் நானே எழுதினேன். வேளாண் அலுவலர் தனப்பிரியா ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பள்ளிப்படி ஏறாத எனக்கு அது போதும்.

திரும்பி வந்து சின்னாயியோடு பொதுவரப்பில் அமர்ந்து உண்டேன். இந்தப் பக்கம் என் வெங்காயக் காடு, அந்தப் பக்கம் அவளுடையது. “கலெக்டரம்மா, களி திங்கறதுக்கும் மனு எழுதிக் குடுப்பியா?” என்று சிரித்தாள்.

3.11.2024, ஞாயிறு
ஓயாத மழை. வெங்காயத்தில் கோழிக்கால் நோய். தாள்கள் முறுக்கிக்கொண்டு சாய்கின்றன.

9.11.2024, சனி
ஒருவர் காட்டை மற்றவர் ஆய்ந்து ஒப்பமிடுவது எங்கள் குழுவின் விதி. சின்னாயியின் காட்டை ஆய்வது என் முறை. என் பயிர் பாதி சாய்ந்திருக்க, அவளுடையது நிமிர்ந்து நின்றது. நான் கேட்குமுன் அவளே சொன்னாள்: “ஆமா புள்ள, மருந்தடிச்சுப் போட்டேன். கண்ணு முன்னால சாவறதப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா? எழுதாம உட்டுரு சாமி.”

மறைத்தது பரிசோதனையில் தெரிந்தால் குழு முழுவதற்கும் உதவி நின்றுவிடும் என்று தனப்பிரியா எச்சரித்திருக்கிறார். மற்ற எழுவரின் முகங்களும் கண்முன் வருகின்றன. படிவம் வெறுமையாகக் கிடக்கிறது.

10.11.2024
எழுதிவிட்டேன்.

12.11.2024, செவ்வாய்
‘தடைசெய்யப்பட்ட பூஞ்சாணக்கொல்லி தெளிக்கப்பட்டமை உறுதிசெய்யப்படுகிறது.’ எழுதி முடித்தபோது, வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். மகிழ்ந்தேனே!

சின்னாயியின் பெயர் நீக்கப்பட்டது. வந்து வாசலிலேயே நின்றாள்.

“நீயாக் கண்டுபுடிச்சியா? நாஞ் சொன்னதத்தான எழுதுன? நீ வரப்புல உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சப்ப, உம்பட களையையும் சேத்து நாந்தான எடுத்தேன்?”

போய்விட்டாள். அவகிட்ட நான் ஏழு பேருக்காவத்தான்னு சொல்றதா? அவ வயிறும் வயிறுதான— 

18.2.2025, செவ்வாய்
கட்டணம் முழுவதற்கும் உதவி ஒப்பளிக்கப்பட்டது. அடுத்த காட்டின் மருந்துச் சாரல் படாதவாறு எல்லையில் உயிர்வேலி அமைக்க வேண்டுமாம். “அகத்தி போடுங்கம்மா, சீக்கிரம் வளந்துரும்” என்றார் தனப்பிரியா.

பொதுவரப்பை ஒட்டி விதை ஊன்றினேன். மருந்துத் தெளிப்பானோடு அந்தப் பக்கம் நின்ற சின்னாயி மூன்று மாதங்களுக்குப் பின் என்னோடு பேசினாள்: “நெருக்கமாப் போடுங்க. இடுக்கு இருந்தா அதையும் எழுதிருவாங்க.”

6.7.2025, ஞாயிறு
முதலாண்டுச் சான்று வந்தது. எட்டுப் பெயர்கள், பிழை ஒன்றும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், வரப்புக்குத்தான் நடந்தேன். அகத்தி என் தலைக்கு மேல் நிற்கிறது. நெருக்கமாகவே ஊன்றியிருக்கிறேன், ஓர் இடுக்கும் இல்லை. என் காலடி கேட்டு அந்தப் பக்கம் களைக்கொத்தின் ஓசை நின்றது. நானும் நின்றேன்.

சற்று நேரத்தில் கொத்து மீண்டும் தொடங்கிற்று.