பச்சையாய் ஒளிரும் மீன்குஞ்சுகள்

மார்ச் 5, செவ்வாய்
ஆய்வுகூட இருட்டறையில் இன்று வரிமீன் குஞ்சுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கண்ணாடி போன்ற உடம்பு. ஜெல்லிமீனின் மரபணு ஒன்றைச் சேர்த்திருப்பதால், மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்கள் மட்டும் பச்சையாய் ஒளிர்கின்றன. பார்க்கின்சன் நோயில் சாகிற கலங்கள் இவைதாம். கடலுக்கடியில் மிதப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்தும் கணவர் மசூரிடம் இதே கதைதான். ஆழ்கடலுக்குப் படகோட்டும் மனிதர், நகத்தளவுகூட இல்லாத மீனைப் பற்றி எவ்வளவு பொறுமையாய்க் கேட்கிறார்!

மார்ச் 19, செவ்வாய்
நோன்பு திறக்க, பள்ளிவாசலில் அதான் ஒலிக்கக் காத்திருந்தோம். மசூரின் வலக்கை மடியில் கிடந்தது. பெருவிரல் எதையோ உருட்டுவதுபோல் அசைந்தபடி இருந்தது. பேரீச்சம்பழத்தை எடுத்ததும் நின்றுவிட்டது.

மார்ச் 20
நோன்புக் களைப்பு. வேறென்ன?

ஏப்ரல் 21, ஞாயிறு
குஞ்சுகளுக்கு நோயை நாங்களே உண்டாக்குகிறோம் — தண்ணீரில் ரொட்டினோன் என்ற பூச்சிநாசினியைக் கலந்து. காலையில் அவை நீந்த மறந்து கிடந்தன. பச்சைப் புள்ளிகள் மங்கியிருந்தன.
மாலையில் கடற்கரையில் மசூர் முன்னே நடந்தார். இடக்கை வீசியது. வலக்கை வீசவில்லை. எட்டி நடந்து அந்தக் கையைப் பிடித்தேன்.
"எப்ப இருந்து?" என்றேன்.
"டொக்டரிட்ட காட்டிட்டன் புள்ள. நீ படிக்கிற பார்க்கின்சன் வருத்தந்தான்."
"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"
"அந்த மீனப் பத்திக் கதைக்கக்குள்ள உன்ட முகத்தில ஒரு வெளிச்சம் வரும். அத நான் எப்பிடி அணைக்கிற?"
அவருக்கு நாற்பத்துமூன்று வயது. யா அல்லாஹ்.

மே 13
நஞ்சு கலக்க முடியவில்லை. அவருடைய தேநீரில் கலப்பதுபோல் இருந்தது. பேராசிரியை சுஜித்தா என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார். "நான் செய்யிறன் ஆகிலா. நீங்க படத்தப் பாருங்க."

ஜூன் 6, வியாழன்
நோயைத் தடுக்குமா என்று நாங்கள் சோதிக்கும் புதிய சேர்மத்தைக் கொடுத்த குஞ்சுகளில் பச்சை மங்கவே இல்லை! நஞ்சுக்குள்ளும் நீந்துகின்றன. சுஜித்தா சிரித்தார், நான் அழுதேன்.
எல்லோரும் போன பிறகு அந்தச் சேர்மக் குப்பியைக் கைப்பைக்குள் வைத்தேன். ஒரு துளி போதாதா? மனிதருக்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வாசல்வரை போனேன். திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 26
சேர்மம் கொடுத்த குஞ்சுகள் எல்லாம் செத்துவிட்டன. இதயம் நின்றிருக்கிறது. மூளை மட்டும் கடைசிவரை பச்சையாய்...
கைப்பையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு
டொக்டர் கொடுத்த குளிசை ஓரளவு பிடித்திருக்கிறது. ஒலுவில் துறைமுகத்தில் இருந்து படகை இப்போது அவருடைய தம்பி றிபாத் ஓட்டுகிறார். மசூர் முன்னால் இருந்து வழி சொல்கிறார். விடிய வந்தவர், "கடல் நித்திரையில கிடந்த மாதிரி இருந்திச்சு புள்ள" என்றார். தேநீர் கேட்டார். கை நடுங்கினாலும் சிந்தாதபடி கோப்பையில் பாதிதான் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மிச்சப் பாதிக்காகக் கோப்பையை நீட்டினார்.