பிடித்து வைத்த தண்ணீர்

என் பவாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, உமக்கென்று நானாக எழுதும் முதல் கடிதம் இது. கலியாணத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்கு நான் அனுப்பிய கடிதங்களை என் கௌரி அக்கா சொல்லச் சொல்லத்தான் எழுதினேன் என்பதை நீர் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டீர். ஆனபடியால் அவை சேர்த்தி இல்லை.

முதலில் நல்ல செய்தி. குசினி யன்னலில் நிற்கும் மூன்று போத்தல்களில் ஒன்றில் வேர் வந்திருக்கிறது. வெள்ளையாக, ஒரு நகத்தளவு. மற்ற இரண்டிலும் கணு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வரும் போலத்தான் இருக்கிறது.

இருபத்து மூன்று போத்தல் நின்ற யன்னலில் மூன்றுதானா என்று கேட்பீர். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதில் என்னுடைய பிழை ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதம் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன கிழமைதான் எங்கள் மகள் ஆரணியிடம் சொன்னேன். இரண்டாவதாகக் கேட்பதற்கு நீர் கோபிக்க வேண்டாம்.

நீர் ஏன் மண்ணை விட்டுத் தண்ணீருக்கு மாறினீர் என்பது இந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரியும். எங்கள் நாலாம் மாடி பல்கனியில் நீர் வைத்திருந்த மண்சட்டிகளிலிருந்து சேறு வடிந்து, கீழ் வீட்டு இத்தாலிய மனிசி, அந்த சிஞ்ஞோரா, காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் விழுந்தது. அவர் போட்ட சத்தம் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். வீட்டுக்காரரும் இனி மண்சட்டி கூடாது என்றுவிட்டார். அடுத்த கிழமையே நீர் கத்தரிக்கோலை எடுத்தீர். கணுப் பார்த்து வெட்டி, தக்காளிச் சாறு வந்த போத்தல், ஒலிவ் காய் வந்த போத்தல், மார்மலேட் போத்தல் என்று கைக்கு அகப்பட்டதிலெல்லாம் தண்ணீர் விட்டு நிறுத்தினீர். மணிபிளாண்ட், கற்பூரவள்ளி, பல்லரோ சந்தையில் வாங்கிச் சமைக்க மறந்துபோன வத்தாளங்கிழங்கு கூட ஒரு போத்தலின் வாயில் உட்கார்ந்து கொடி விட்டது. யன்னலைத் திறக்க வழியில்லை என்று நான் ஒவ்வொரு நாளும் புறுபுறுத்தேன்.

மண்ணில்லாமல் தண்ணீரில் வாழ்கிற செடி, ஊரில்லாமல் வாழ்கிற எங்களைப் போல என்று ஒருமுறை ஒரு விழா மேடையில் ஒருவர் உருகினார். நீர் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டீர். "கீழ் வீட்டு மனிசியின்ர பெட்ஷீற் ஊத்தையாப் போனதுதான் காரணம் எண்டு ஆராவது அவருக்குச் சொல்லுங்கோ" என்று வழியில் என் காதில் சொன்னது நினைவிருக்கிறதா?

இனிப் பிழைக்கு வருகிறேன்.

தை மாதம் உம்முடைய கடைசிக் காரியத்தை முடித்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா வீடு கழுவிக்கொண்டிருந்தாள். ஆரணி அழுது களைத்து உம்முடைய கட்டிலில் படுத்துவிட்டாள். செத்த வீட்டில் முன்னரே பிடித்து வைத்த தண்ணீரை வைத்திருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம் அல்லவா? தண்ணீர் விட்டு விட்டு வருகிற இந்த ஊரில், நிரம்பிய பிடோன் பீப்பா ஒன்றைக் கவிழ்க்க எவருக்கும் மனம் வராது. அக்கா இரண்டு நீல பிடோனையும் கவிழ்த்தாள். குடிக்கிற தண்ணீர்ச் சாடி, வாளி, கேத்தில், எல்லாம் ஊற்றியாயிற்று. பிறகு யன்னலடியில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, இந்தப் போத்தல் தண்ணியையும் ஊத்தவோ?"

நான் ஓம் என்றேன், பவா. கேள்வி எனக்குக் கேட்டது. செடி கண்ணில் பட்டது. ஆனால் அந்த நேரத்தில் எது நின்றால் என்ன, எது போனால் என்ன என்று இருந்தது. அக்காவுக்கு உம்முடைய செடிகள் சாடியில் வைக்கிற வெட்டுப்பூ மாதிரி. தண்ணீரை மாற்றினால் பூவையும் எறிவதுதானே வழமை. வேரோடு எல்லாவற்றையும் இழுத்து ஒரு கறுத்தப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துவாயின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். நல்ல சுத்தமாகக் கழுவியிருந்தாள்.

ஆரணி எழும்பி வந்து கவிழ்ந்த போத்தல்களைக் கண்டாள். செடி எங்கே என்று கேட்டாள். அக்கா சொன்னாள். பிள்ளை செருப்பில்லாமல் நாலு மாடியும் இறங்கி ஓடியது. ஒருநாளும் நேரத்துக்கு வராத குப்பை வண்டி அன்றைக்கென்று வந்து போயிருந்தது.

அன்றிலிருந்து அவள் கௌரி மாமியோடு கதைக்கவில்லை. ஒரு சொல்லும் இல்லை. அக்கா வந்தால் அறைக் கதவு சாத்தப்படும். அக்கா சமைத்ததைத் தொடமாட்டாள். நான் அவிக்கிற பாஸ்தாவைச் சாப்பிட்டாள். அது எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும், ஆகவே எவ்வளவு கோபம் என்று விளங்கும்.

நான் ஓம் என்றதை அக்கா யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று நான்தான் அவளிடம் போனேன். அவள் பல்லரோவில் வாங்கிவந்த மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லாதை. என்னோடை கோவிச்சால் நான் ரண்டு தெரு தள்ளி இருக்கிறன். உன்னோடை கோவிச்சால் பிள்ளை ஆரோடை இருக்கிறது?"

இதைக் கேட்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதுதான் உம்மிடம் சொல்லக் கூசுகிறது. அக்காவின் தலையில் பாரத்தை வைத்துவிட்டு நான் கை வீசிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

அக்கா அதற்குப் பிறகு வீட்டுக்குள் வருவதில்லை. விடியவே அலுவலகம் கூட்டித் துடைத்துவிட்டு வந்து சமைத்து, சாப்பாட்டுப் பையைக் கதவுக் கைபிடியில் கொழுவிவிட்டு, மணியை ஒருதரம் அடித்துவிட்டு இறங்கிவிடுவாள். ஆவணியில் ஒருநாள், உம்முடைய முதல் வருட ஆட்டைத்திவசம் முடிய பொலோஞ்ஞாவிலிருக்கும் மகனிடம் போய்விடப் போவதாகச் சொன்னாள். சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். உம்மை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தவள் அவள். ஆரணி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் அவள். உம்மை இழந்த வருடத்திலேயே அந்தப் பிள்ளை மாமியையும் இழக்கப்போகிறது, அதுவும் என்னால்.

இதற்கு நடுவில்தான் செடி வந்தது. நீர் வேலை செய்த லிபெர்த்தா தெரு வீட்டு சிஞ்ஞோரா கூப்பிட்டு, உம்முடைய ஏப்ரனும் வீட்டுச் செருப்பும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். நானும் அதே தெருவில்தானே மாடிப்படி துடைக்கிறேன், வேலை முடிந்து போனேன். அவருடைய வீட்டு நடையில், புத்தக அலுமாரியின் மேலேறி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது ஒரு மணிபிளாண்ட். உம்முடைய முதல் போத்தலுக்கு நீர் வெட்டிக்கொண்டு வந்தது இதிலிருந்துதான் என்று சிஞ்ஞோரா சொன்னார். வெட்டவா என்று நான் கேட்கவில்லை. அவரே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தந்தார். மூன்று தண்டு வெட்டி, நனைத்த கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வந்து என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர். தண்ணீர் கூடினால் செடிக்கு நல்லது என்று கழுத்து மட்டும் நிரப்பி, பாதி இலையையும் உள்ளே அமுக்கிவிட்டேன். வெயிலும் நல்லது என்று கொளுத்துகிற பக்கத்தில் வைத்தேன். ஒரு கிழமையில் இலை அழுகி, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகி, வீடு மீன்சந்தை மாதிரி மணத்தது. ஆரணி மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள், வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எங்கேயிருந்து கொண்டுவந்தேன் என்பதை மட்டும் நான் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் மூன்று போத்தலும் கழுவி, இடம் மாறி, நிழல் பக்கத்தில் நின்றன. அழுகிய இலைகள் இல்லை. தண்டுகளின் அடி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. தண்ணீர் பாதிக்கும் கீழே.

"கணுவிலைதான் வேர் வரும் அப்பா. கணு தண்ணிக்குள்ளை நிக்கோணும், இலை வெளியிலை நிக்கோணும். நீங்கள் குளிப்பாட்டி வைச்சிருக்கிறியள்" என்றாள். பிறகு இத்தாலியனில் என்னைப் பற்றி ஏதோ சொன்னாள், நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். உம்மைப் பார்த்துப் பார்த்து இவ்வளவும் பழகியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. உமக்குத் தெரிந்திருக்குமா?

போன ஞாயிறு காலமைதான் வேரைக் கண்டாள். பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போது அவள் போத்தலைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மாமிக்குக் காட்டாதேங்கோ. அவ பிறகும் ஊத்திப்போடுவா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாக்குப்போக்கு எதுவும் தேடாமல் சொல்லிவிட்டேன். "பிள்ளை, மாமி ஊத்த முந்தி என்னட்டைக் கேட்டவ. நான்தான் ஓம் எண்டனான்."

அக்கா என்னைச் சொல்ல விடாததையும் சொன்னேன், அவள் சொன்ன காரணத்தையும் சொன்னேன், நான் அதைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்ததையும் சொன்னேன். ஆரணி என்னைப் பார்க்கவில்லை. வேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். நான் கையில் பல்லுத்தூரிகையோடு குசினியில் நின்றேன்.

மத்தியானம் வழக்கம்போல மணி ஒருதரம் அடித்தது. நான் எழும்ப முதல் ஆரணி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அக்கா இரண்டு படி இறங்கியிருந்தாள். திரும்பிப் பார்த்துப் பயந்துபோய் நின்றாள். என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"மாமி, உள்ளை வாங்கோ. தண்ணி மாத்தோணும்" என்றாள் பிள்ளை.

அக்கா வந்தாள். யன்னலில் போத்தல்களைக் கண்டதும் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். தான் தொடமாட்டேன் என்றாள். தொட்டால் ஏதும் நடந்துவிடும் என்று பயப்படுகிற பிள்ளையைப் போல ஒரு அடி பின்னால் வைத்தாள். என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதில் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறவள்தானே.

ஆரணி அவளுடைய கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்தாள். வேர் விட்ட போத்தலை அந்தக் கையில் வைத்தாள். தண்டைத் தான் மெல்ல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஊற்றச் சொன்னாள். அக்கா ஊற்றினாள். பாதி வெளியில் சிந்தியது. பிறகு குழாயைத் திறக்கப் போனாள். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. மூலையில் பிடோன்தான் நின்றது.

"இது பிடிச்சு வைச்ச தண்ணியெல்லோ பிள்ளை" என்று அக்கா தயங்கினாள்.

"நிண்ட தண்ணிதான் இதுக்கு நல்லம் மாமி. குழாய்த் தண்ணியின்ர மருந்து வாசம் போகோணும். அம்மா பிடோன் தண்ணிதான் விடுறவ. அதை விடுங்கோ."

அக்கா பேணியால் அள்ளினாள். அள்ளிய கையோடு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள், பவா. உமக்காக அவள் அழுததை அன்றைக்குத்தான் நான் கண்டேன். ஆரணியும் பக்கத்தில் இருந்தாள். ஒரு கையில் தண்டு, அந்த வேர் காற்றில் காய்ந்துவிடக்கூடாதென்று மற்றக் கையால் பேணியை வாங்கித் தானே போத்தலுக்குள் தண்ணீரை விட்டாள். பிறகு மாமியின் தோளில் சாய்ந்தாள். நான் சாப்பாட்டுப் பையைப் பிரித்துத் தட்டுகளை எடுத்து வைத்தேன். மூன்று பேரும் அக்காவின் மீன்குழம்போடு சாப்பிட்டோம். பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்டாள். பொலோஞ்ஞாவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இப்போது நிலைமை என்னவென்றால், மாமியும் மருமகளும் ஒன்றாகிவிட்டார்கள். என்னோடுதான் கதை இல்லை. எது கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். அது எனக்கு வரவேண்டியது, வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் கோபத்தோடு அவள் என் எதிரில் இருந்துதான் சாப்பிடுகிறாள். கதவைச் சாத்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன். எத்தனை நாளானாலும் இருப்பேன்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அக்கா போனாலும் சொல்வேன், நின்றாலும் சொல்வேன். மற்ற இரண்டு தண்டும் வேர் விடாமல் அழுகினாலும் அழுகிற்று என்றே எழுதுவேன். பிள்ளை எப்போது என்னை மன்னிக்கிறாள் என்பதையும், மன்னிக்காத நாட்களையும் உள்ளபடி எழுதுவேன். நான் செய்ததை இனி இன்னொருவர் சுமக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
கௌரி அக்காவின் தம்பி,
ஆரணியின் அப்பா,
உம்முடைய மனுசன் சிவம்