கோட்டுக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 9, திங்கள்

சலவை இயந்திரம் மறுபடி மக்கர். கால்பந்துப் பையன்களின் சாக்ஸை வாளியில் போட்டு நானே அலசினேன். என் வேலை பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டம் சொல்லித்தருவது என்று இந்தக் கல்லூரியில் எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

மைதானத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். போட்டியில் ஐந்து பேர் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் அணி. நாலு பேர் முதல் நாலு இடத்தையும் அள்ளிக்கொண்டு வந்தாலும் செல்லாது. எங்கள் கூட்டமைப்பில் இருப்பதே ஆறு சின்ன அரசுக் கல்லூரிகள். போன வருடம் அவற்றில் அணி இல்லாமல் நின்றது நாங்கள் மட்டும்தான்.

கல்லூரித் தலைவர் கூப்பிட்டார். "கிளாரிஸ், இந்த நவம்பர் போட்டியிலயும் அஞ்சு பேர் முடிக்கலேன்னா பொண்ணுங்க ஓட்டத்தை எடுத்துடுவோம்." அதே மூச்சில் காபி வேண்டுமா என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டாள்! லிசெட். நர்சிங் முதல் வருடம். வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று கையில் காபியோடு கார் நிறுத்துமிடம் முழுக்க ஓடினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வழிமறித்தேன்.

"ஓட வர்றியா?"

"யாராவது துரத்துவாங்களா?"

"நான் துரத்துவேன்."

மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப பயமில்ல, வர்றேன்."

வாய் நீளம். இருக்கட்டும், கால் நீளமாக இருந்தால் சரி.

செப்டம்பர் 21, சனி

உருளைக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டது. இனி மூன்று வாரம் இந்தப் பள்ளத்தாக்கில் யாரையும் எதற்கும் கூப்பிட முடியாது. லிசெட்டும் மாமா வயலுக்குப் போய்விட்டாள். நானே தேடிப் போனேன். அறுவடை இயந்திரத்தின் மேல் அவளும் அவள் அம்மா ஜெர்மேனும் கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு ஓட ஆள் வேணும், எனக்குக் கல்லு பொறுக்க ஆள் வேணும்," என்றாள் ஜெர்மேன். "சாயங்காலத்துக்கு மேல நீங்க எடுத்துக்கோங்க."

எங்கள் பக்கத்துத் தோசையான ப்ளோய் சுட்டு, வெண்ணெய் தடவிச் சுருட்டித் தந்தாள். மகள் அப்பால் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "இவ எதையுமே முடிச்சதில்ல கோச்சு. பியானோ பாதியில. பனிச்சறுக்கு பாதியில. தொட்டதெல்லாம் பாதியில. இதையாவது முடிக்கட்டும்."

முடிப்பாள் என்றேன். பெரிய இவளாட்டம்.

அக்டோபர் 19, சனி

இன்று ஒத்திகைப் போட்டி. ஐந்து பேரும் ஓடினார்கள். லிசெட் கடைசி. கடைசியானால் என்ன, ஐந்தாவது!

நவம்பர் 1, வெள்ளி

நாளைக்குக் கூட்டமைப்புப் போட்டி. நடுவர் ஆர்மான் தொலைபேசியில் கிண்டல் செய்தான். என்னோடு படித்தவன், அந்த உரிமை.

"இந்த வருஷம் எத்தன கால் கூட்டிட்டு வர்ற?"

"பத்து."

"பார்றா! எண்ணிட்டியா, இல்ல உன்னுதையும் சேத்தா?"

சிரித்து எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 2, சனி

எழுதத்தான் வேண்டுமா.

காலையிலிருந்து பனிமழை, தரையெல்லாம் சேறு. நாலு பேரும் நன்றாகவே முடித்தார்கள். லிசெட் எல்லோருக்கும் கடைசி. எங்கள் கூட்டமைப்பில் கடைசிப் பெண் வந்து சேரும்வரை, கோட்டுக்குப் போகும் வழியின் இரு ஓரமும் கட்டிய முடிவுக் கயிற்றை அவிழ்ப்பதில்லை. ஓடி முடித்தவர்களும் போகமாட்டார்கள். ஆறு கல்லூரிப் பெண்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு பக்கமும் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கோடு இதோ இருக்கிறது. அவள் வழுக்கினாள், முழங்கால் மடங்கியது, நான் கயிற்றோரம் நின்றிருந்தேன் — பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டேன். ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். ஓடுகிறவளை யாராவது தொட்டால் அவள் கணக்கில் இல்லை. வருடா வருடம் தாய் தகப்பன்மாரைப் பார்த்து, தொடாதீங்க, தொடாதீங்க என்று கத்துகிறவளே நான்தான்.

ஆர்மான் நேர் எதிரே நின்றிருந்தான். பார்த்தான். உடனே திரும்பி மூக்கைச் சிந்தினான். முடிவு எழுதும் மேசையில், "எனக்கு ஜலதோஷம், நான் ஒண்ணையும் பாக்கல," என்றான். மற்றப் பயிற்சியாளர்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நம்ம கிளாரிஸ்தானே, விடு," என்றார் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், திறக்கவில்லை.

மோவாய் வரை சேறோடு லிசெட் வந்தாள். "கோச் என்னைப் புடிச்சாங்க," என்றாள். "நான் எழுந்திருச்சிருப்பேன். அதுக்குள்ள புடிச்சிட்டாங்க."

ஆர்மான் பட்டியலில் அவள் பெயரை அடித்தான்.

நவம்பர் 4, திங்கள்

எடுத்துவிட்டார்கள். "விதி விதிதானே கிளாரிஸ்," என்றார் தலைவர்.

அந்தப் பெண் சும்மா இருந்திருக்கலாமே என்று இன்று முழுக்கக் கோபம். அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடா அவள்? பிறகு என் கையைப் பார்த்தேன். அவள் என்ன செய்வாள்? அஞ்சு வேணும்னு தெருத்தெருவா அலைஞ்சவளும் நான், அஞ்சை நாலாக்கினவளும் நான்.

நவம்பர் 19, செவ்வாய்

கடையில் லிசெட்டைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சாமான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஜெர்மேன் மட்டும் நின்றாள். "இதுவும் பாதிதான்னு சொல்றா. உங்கள ஒண்ணும் சொல்லல கோச்சு."

சொல்லியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 8, சனி

ஜன்னல் வரை பனி. எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். நான் சாக்ஸ் துவைக்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

சலவை அறை வாசலில் லிசெட். ஒரு வருடத்துக்குப் பிறகு.

"சனிக்கிழமை போட்டிக்குப் போறீங்களா?"

"எதுக்கு? நமக்குத்தான் அணியே இல்லையே."

"ஆர்மான் சார்கிட்ட கேட்டேன். எல்லாரும் முடிச்ச பிறகும், நான் ஓடி முடிக்கிற வரைக்கும் கயித்தை அவுக்காம வச்சிருப்பாராம்." போகத் திரும்பியவள், "நீங்க வரணும்," என்றாள். "ஆனா தொடக் கூடாது."

நவம்பர் 1, சனி

ஐந்து கல்லூரிகள். பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, எங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் தனியாகப் புறப்பட்டாள். கடிகாரத்தை நிறுத்தி மூட்டை கட்டியாயிற்று. ஆனால் பெண்கள் ஒருத்தியும் வண்டியேறவில்லை. தங்களுக்கு முன்பின் தெரியாதவள்தான். கடைசிப் பெண் அல்லவா.

மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அதே மாதிரி, விழுந்தாள். என் கை தானாக எழுந்தது. "பாக்கெட்ல வை," என்றான் ஆர்மான். வைத்தேன். சேற்றில் மண்டியிட்டபடி இருந்தாள், ரொம்ப நேரம். கையை எடுக்கவில்லை.

எழுந்தாள். நடந்தாள். தாண்டினாள்.

"இப்ப புடிக்கலாம் கோச்."

பிடித்தேன். ஆர்மான் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.