எந்தப் பக்கம் உட்காருவது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் இன்னும் சுகமாக இருப்போம். ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னை இடதுசாரின்னு சொல்லிட்டாரு, அது திட்டா பாராட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். குளிர்பதனக் கிடங்கில் உன்னோடு பெட்டி கட்டும் அந்த அக்கா மயங்கி விழுந்த பிறகு, நடுவில் கொஞ்ச நேரம் வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள விடுங்கள் என்று நீ கேட்டதற்குக் கிடைத்த பட்டம் அது. உன் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, சின்ன வயதில் காய்ச்சலை மறைக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பாய். நீ இன்னும் ஒப்பந்த ஆள்தானே, வேலை போனால் அங்கே தங்கும் அனுமதியும் போய்விடுமே என்று நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போடுகிறார்.

ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் இத்தனை வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தி என்ன பயன்? அது முதலில் திட்டும் இல்லை பாராட்டும் இல்லை, வெறும் உட்காரும் இடம். பிரான்ஸில் புரட்சி தொடங்கிய வருடம், சபை எடுக்கும் முடிவை அரசர் ஒருவர் தடுத்து நிறுத்தலாமா என்று பெரிய விவாதம். நம் கட்டடத்தில் எல்லோரும் கூடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவலாம் என்று முடிவு செய்த பிறகு, உரிமையாளர் ஒருவர் வேண்டாம் என்றால் அது நின்றுவிட வேண்டுமா, அப்படி வைத்துக்கொள். தடுக்கலாம் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கம் கூடினார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். நான் இதை வாய்விட்டுப் படித்தபோது அப்பா, "நம்ம வீட்டுல ராஜா யாருன்னு அவனுக்கே தெரியும், நான் எந்தப் பக்கம் உக்காந்தும் பிரயோஜனமில்ல" என்றார். இடதுசாரி என்ற சொல் அந்தச் சபைக்குப் பிறகுதான் வளர்ந்தது. உழைப்பவனுக்கும் பங்கு வேண்டும், பிறப்பாலோ பணத்தாலோ ஒருவன் மேல் ஒருவன் ஏறி உட்காரக் கூடாது என்பவர்களுக்கெல்லாம் அது பெயரானது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே அடுத்தவர் வாயை அடைத்தவர்களும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். வலப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் நினைத்துவிடாதே.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் உன்னை விசாரிப்பார்கள், அந்த அக்காவும் வருவார் என்றாய். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அறையிலேயே இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. அங்கே கூட்டம் என்றால், யார் யாரோடு சேர்த்தி என்று தெரியக் கூடாதென்று ஆளுக்கொரு மூலையில் தள்ளித் தள்ளி உட்காருவோம் என்று சொன்னாய் அல்லவா? அந்தச் சபையில் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான், தன்னைப் போல் நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். நீ தனியாக உட்கார்ந்தால் உன்னைக் கேள்வி கேட்பது அவர்களுக்குச் சுலபம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் நிலைக்க வேண்டும். குரலை உயர்த்தாதே. உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள். முடிந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, போனைக் கையிலேயே வைத்திருப்பேன். வியாழக்கிழமை சீக்கிரம் போய், அந்த அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா